‘எந்தக் கல்லூரி?’: மருத்துவச் சேர்க்கையில் நற்பெயரின் அரசியல்

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற கருப்பினத்தவர்கள் தங்கள் இளங்கலைப் படிப்பை எங்கே முடித்தார்கள் என்று கணக்கெடுத்தால், பல்லாண்டுகளாக முதலிடத்தில் நிற்பது ஹார்வர்டும் அன்று, யேலும் அன்று. லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்கள் மட்டுமே பயிலும் சேவியர் பல்கலைக்கழகம்தான் அந்த இடத்தில் இருக்கிறது. கருப்பின மக்களுக்கெனத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. அங்கு சேர்வோரில் கணிசமானோர் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். அதன் அறக்கட்டளை நிதி, ஹார்வர்டிடம் குவிந்திருக்கும் நிதியில் ஒரு விழுக்காடு கூட இராது.

பெயர்பெற்ற கல்லூரியில் படித்தால்தான் மருத்துவராக முடியும் என்ற நம்பிக்கை அந்நாட்டில் ஆழ வேரூன்றியது. அந்த நம்பிக்கைக்குள் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நமக்கும் தேவையாகிறது. ‘எந்தப் பள்ளி?’, ‘எந்தப் பயிற்சி மையம்?’ என்ற கேள்விகளை எதிர்கொண்டபடிதான் நம் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள்.

முதலில் அங்குள்ள முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அங்கே மருத்துவம் சேர இயலாது. நான்காண்டு இளங்கலைப் பட்டம் முடித்தாக வேண்டும். வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகிய அடிப்படைப் பாடங்களை அப்போதே படித்திருக்க வேண்டும். பிறகு 472 முதல் 528 வரை மதிப்பெண் வழங்கப்படும் எம்கேட் என்னும் நுழைவுத்தேர்வு. அதன்பின் பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வக அனுபவம், மருத்துவமனைத் தன்னார்வப் பணி, தன்விளக்கக் கட்டுரை, நேர்காணல். ஒவ்வோர் ஆண்டும் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது சற்றேறக்குறைய 23,000 பேருக்கு.

இதில் இளங்கலை படித்த கல்லூரியின் பெயருக்கு எடை எவ்வளவு? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. இளங்கலை மதிப்பெண் சராசரி ஒரு பக்கம், எம்கேட் மதிப்பெண் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இடம் பெற்றோரின் விழுக்காடு. இரண்டிலும் உச்சத்தில் இருப்போரில் ஐவருக்கு நால்வருக்கு மேல் இடம் பெறுகிறார்கள். கல்லூரியின் பெயருக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. இதைக் காட்டித்தான், பெயர் ஒரு பொருட்டன்று, உழைப்பவருக்கு எந்தக் கல்லூரியும் சமமே என்று அறிவுரை சொல்கிறார்கள். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் மாணவர் வந்து சேர்ந்த வழியை அது காட்டுவதில்லை.

மதிப்பெண் சராசரியையே எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டில் மிகுதியாக வழங்கப்படும் மதிப்பெண் ‘ஏ’ என்றும், நடுநிலை மதிப்பெண் ‘ஏ மைனஸ்’ என்றும் 2013இல் அப்பல்கலைக்கழக நிர்வாகமே ஒப்புக்கொண்டது. பெயர்பெற்ற இடத்தில் மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கிறது. அதே மதிப்பெண்ணைத் தேர்வுக்குழுவினர் படிக்கும்போது, ‘கடினமான கல்லூரியில் பெற்றதாயிற்றே’ என்று கூடுதல் மதிப்பும் தருகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கிடைக்கிறது. சிறிய அரசுக் கல்லூரியிலோ கருப்பினக் கல்லூரியிலோ கடுமையாகத் திருத்தப்பட்ட விடைத்தாளில் அதே மதிப்பெண் வாங்கியவரிடம், ‘அங்கே பாடத்தரம் எப்படி?’ என்ற ஐயம் எழுப்பப்படுகிறது.

ஆய்வக அனுபவமும் அவ்வாறே. மருத்துவமனையும் ஆராய்ச்சிக் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர், வகுப்பு முடிந்து நடந்து போய்ப் பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து வரும் பரிந்துரைக் கடிதத்தில் கையொப்பமிடுபவரைத் தேர்வுக்குழுவினருக்கு நேரில் தெரிந்திருக்கும். ஊதியமில்லாத தன்னார்வப் பணி, கோடை விடுமுறையில் கூலிக்கு வேலை பார்த்தாக வேண்டிய மாணவருக்கு எட்டாத ஆடம்பரம்.

இவை அனைவரும் ஓரளவு அறிந்தவையே. அதிகம் பேசப்படாத ஒன்று கல்லூரிக்குள்ளேயே நடக்கும் வடிகட்டல். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் மருத்துவ முன்படிப்புக் குழு என ஒன்று உண்டு. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்குக் கல்லூரியின் சார்பில் பொதுப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவது அதன் பணி. ‘எங்களிடமிருந்து விண்ணப்பித்தோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இடம்’ என்று விளம்பரப்படுத்தும் கல்லூரிகள் சிலவற்றில், மதிப்பெண் சற்றுக் குறைந்தவருக்கு அந்தக் கடிதமே மறுக்கப்படுகிறது. அல்லது ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’, ‘வேறு துறையை யோசி’ என்று நயமாகத் திருப்பி அனுப்பப்படுகிறார். முதலாண்டு வேதியியல் வகுப்பிலேயே பாதிப்பேரைக் கழித்துக்கட்டும் வழக்கமும் உண்டு. கழிக்கப்பட்டவர் கணக்கில் வருவதில்லை. எஞ்சியவர்களைக் கொண்டு விழுக்காடு கணக்கிடப்படுகிறது; அந்த விழுக்காடு நற்பெயராகிறது; அந்த நற்பெயர் அடுத்த ஆண்டு வசதியான பெற்றோரின் பிள்ளைகளை ஈர்க்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய கதையாக இராது. ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்று பேருந்தின் பின்புறம் பதாகை ஒட்டும் தனியார் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ பின்தங்கிய மாணவரின் பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நாம் அறிவோம். அந்தப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். பிறகு அரசுப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைச் சுட்டிக்காட்டி அதன் தரத்தை இகழ்பவரும் அதே கூட்டத்தார்தாம்.

சரி, பெயர்பெற்ற கல்லூரிக்குள் நுழைவோராவது திறமையால் மட்டுமே நுழைகிறார்களா? ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. நுழைவுத்தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களை ஒப்பிட்டாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட, வருவாயில் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்டு, யேல் போன்ற பன்னிரண்டு கல்லூரிகளில் சேர்வதற்கான வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். முன்னாள் மாணவரின் வாரிசு என்ற சலுகை, செலவு மிகுந்த விளையாட்டுகளுக்கான ஒதுக்கீடு முதலியவை அதன் காரணங்கள். மருத்துவ மாணவர்களின் குடும்ப வருவாயை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் வருவாயின் மேல் இரண்டு ஐந்திலொரு அடுக்குகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரியவந்தது. ஆக, விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரைப் படிக்கும் தேர்வுக்குழு, தன்னை அறியாமலேயே தந்தையின் வருமான வரிக் கணக்கையும் சேர்த்துப் படிக்கிறது. நம் நாட்டில் குடும்பப் பெயரோடு சாதி வருவது போல அங்கே கல்லூரிப் பெயரோடு வர்க்கமும் நிறமும் வருகின்றன.

நற்பெயர் என்பதைக் கருப்பின மக்களுக்கு எதிரான ஆயுதமாகவே பயன்படுத்திய வரலாறும் உண்டு. 1910இல் கார்னகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் வட அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். அறிவியல் அடிப்படையற்ற போலிக் கல்லூரிகள் பல அதனால் மூடப்பட்டன என்பது உண்மை. அந்த அளவில் நன்மையே. ஆனால் அப்போது இயங்கிவந்த ஏழு கருப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி ஆகிய இரண்டு மட்டுமே காக்கத்தக்கவை என்று அவர் எழுதினார். கருப்பின மருத்துவர்கள் தம் இனத்தவருக்கு மட்டும் மருத்துவம் பார்க்க வேண்டும், அவர்களுக்கு அறுவை மருத்துவத்தைவிடச் சுகாதார விதிகளைக் கற்பிப்பதே முக்கியம் என்பது அவரது பார்வை. நன்கொடைகள் வற்றின. 1923க்குள் மற்ற ஐந்து கல்லூரிகளும் மூடப்பட்டுவிட்டன. நியூ ஆர்லியன்ஸின் ஃபிளின்ட் மருத்துவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. அந்த ஐந்தும் தொடர்ந்து இயங்கியிருந்தால் ஏறத்தாழ 35,000 மருத்துவர்கள் கூடுதலாக உருவாகியிருப்பார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டில்தான் மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தான் வழங்கிவந்த விருதொன்றிலிருந்து ஃபிளெக்ஸ்னரின் பெயரை நீக்கியது. ‘தரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒடுக்கப்பட்டோர் ஏன் எச்சரிக்கை கொள்கிறார்கள் என்று வியப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம்.

இந்தப் பின்னணியில்தான் சேவியரைப் பார்க்க வேண்டும். கேத்தரின் டிரெக்சல் என்ற கத்தோலிக்கத் துறவி 1915இல் பள்ளியாகத் தொடங்கி, 1925இல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் அது. 1968இல் நார்மன் ஃபிரான்சிஸ் என்ற கருப்பினத்தவர் அதன் தலைவரானார். 2015 வரை அவரே தலைவர். இந்த நாற்பத்தேழு ஆண்டுகளில்தான் கல்லூரி உருமாறியது. ஒரு வெள்ளையர் தொடங்கிய தொண்டு நிறுவனம், அம்மக்களுள் ஒருவரின் தலைமையில் வேறொன்றாயிற்று.

வேதியியல் பேராசிரியர் ஜே.டபிள்யூ. கார்மைக்கேல் 1970களில் மருத்துவ முன்படிப்பைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினார். அவர் செய்தவற்றில் மாயம் எதுவுமில்லை. முதலாண்டுப் பாடங்களை எந்த ஆசிரியர் நடத்தினாலும் ஒரே பயிற்சி நூலைக் கொண்டு ஒரே சீராக நடத்த ஏற்பாடாயிற்று. பள்ளியில் விடுபட்ட கணக்கும் அறிவியலும் அந்தப் பயிற்சி நூல்களிலேயே நிரப்பப்பட்டன. மாணவர்கள் குழுவாக அமர்ந்து படிப்பதும், மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருவதும் கல்லூரியின் வழக்கமாயின. ஒருவர் தேர்வில் சறுக்கினால், அவரை அழைத்து எங்கே பிழைத்தது என்று கேட்டு மறுபடி உட்கார வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கோடைக்கால வகுப்புகளும் நடந்தன. எந்தப் பாடம் எப்போது, விண்ணப்பம் எந்த வாரம், கட்டுரையில் என்ன எழுதுவது என்று மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு உணவு மேசையில் கிடைக்கும் தகவலை எல்லாம் கல்லூரியே பொறுப்பேற்றுச் சொல்லித்தந்தது. கழித்துக்கட்டுவதைப் பெருமையாகக் கருதும் கல்லூரிகளின் நடுவே, நுழைந்தவரை விடாமல் கரை சேர்ப்பதைத் தன் வேலையாக அது எடுத்துக்கொண்டது. 2005இல் கத்ரீனா புயலின்போது வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. சில மாதங்களில் வகுப்புகளை மீண்டும் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சேவியரின் வெற்றியைக் காட்டி, ‘பாருங்கள், பெயர் தேவையில்லை, முயற்சி போதும்’ என்று பேசுவது எளிது. இட ஒதுக்கீட்டை எதிர்ப்போருக்கு அது மிகவும் உவப்பான வாதம். ஆனால் நாடு முழுவதற்கான கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1978இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த கருப்பின ஆண்கள் 542 பேர். 2014இல் சேர்ந்தவர்கள் 515 பேர். முப்பத்தாறு ஆண்டுகளில் மருத்துவ இடங்கள் பெருகின, எண்ணிக்கை குறைந்தது. ஒரு சேவியர் எத்தனை பாடுபட்டாலும் வாயிற்கதவின் அகலத்தை அதனால் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிப்பவை சட்டமும் நீதிமன்றமும்.

அந்த 1978ஆம் ஆண்டுதான் பேக்கி வழக்கின் தீர்ப்பு வந்தது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நூறு இடங்களில் பதினாறைப் பின்தங்கிய சிறுபான்மையினருக்கென ஒதுக்கியிருந்தது. ஆலன் பேக்கி என்ற வெள்ளையர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இனவாரி ஒதுக்கீடு செல்லாது, இனத்தை ஒரு காரணியாகக் கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. செல்வாக்கு மிக்கோரின் பிள்ளைகள் சிலரை முதல்வர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் அதே கல்லூரியில் அப்போது இருந்தது. பேக்கி அதை எதிர்த்து வழக்காடவில்லை. 2023 ஜூன் 29 அன்று வந்த தீர்ப்பு, இனத்தை ஒரு காரணியாகக் கருதுவதையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே விளைவு தெரிந்தது. 2024இல் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கருப்பின மாணவர்களின் எண்ணிக்கை 11.6 விழுக்காடு வீழ்ந்தது. ஹிஸ்பானிய மாணவர்களின் எண்ணிக்கை 10.8 விழுக்காடு குறைந்தது.

வேடிக்கை என்னவெனில், இந்தத் தடைக்கு மாற்று வழி கண்ட கல்லூரிகளில் முன்னணியில் நிற்பதும் அதே டேவிஸ்தான். கலிஃபோர்னியாவில் 1996லேயே இன அடிப்படையிலான சேர்க்கைக்கு வாக்கெடுப்பின் மூலம் தடை வந்துவிட்டதால், டேவிஸ் வேறு அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. குடும்ப வருவாய், பெற்றோரின் கல்வி, வளர்ந்த பகுதியில் மருத்துவ வசதி உண்டா, படிக்கும்போதே குடும்பத்தைத் தாங்க வேலை பார்த்தாரா என்பவற்றைக் கணக்கிட்டு ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 0 முதல் 99 வரை பின்தங்கிய நிலைக்கான மதிப்பெண் தருகிறார்கள். மாணவர் எங்கே நிற்கிறார் என்பதோடு எவ்வளவு தொலைவு நடந்து வந்தார் என்பதும் கணக்கில் சேர்கிறது. அதன் பயனாக அந்நாட்டின் பன்மைத்தன்மை மிகுந்த மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக அது விளங்குகிறது. வர்க்க அளவுகோல் இனத்துக்கு முழு மாற்றாகாது. ஒரே வருவாயுள்ள வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒரே அமெரிக்காவில் வாழவில்லை. ஆயினும் கல்லூரிப் பெயருக்கு எதிர்த்திசையில் எடைபோடும் கருவி ஒன்று இருக்க முடியும் என்பதை டேவிஸ் நடைமுறையில் காட்டிவிட்டது.

அத்தகைய கருவியொன்று தமிழ்நாட்டிலும் இருக்கிறது. இங்கே தரவரிசைப் பட்டியலில் பள்ளியின் பெயர் எடைபோடப்படுவதில்லை; நீட் மதிப்பெண் மட்டும்தான். அதனால் பள்ளியின் செல்வாக்கு மறைந்துவிடவில்லை. அது தேர்வறைக்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. 2016-17இல் மருத்துவம் சேர்ந்தோரில் 12.47 விழுக்காடாக இருந்த, முந்தைய ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரின் பங்கு 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு பதிவு செய்தது. ஓராண்டோ ஈராண்டோ வருவாயின்றி வீட்டிலிருந்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கே அந்த இரண்டாம் வாய்ப்பு. குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தும் 2017இல் வெளியே நிறுத்தப்பட்டது இந்த மாற்றத்தின் முதல் ஆண்டில்தான்.

நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, படித்த பள்ளி வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதைச் சட்டமாகவே ஒப்புக்கொண்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவினருக்குமான ஒதுக்கீட்டுக்குள்ளேயே இது செயல்படுவதால், பட்டியலின மாணவர்களுள்ளும் அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தனி இடம் உறுதியாகிறது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 பேர் மருத்துவ, பல் மருத்துவ இடங்களைப் பெற்றார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதைச் செல்லும் என்றது. போராடிப் பெற்ற இந்த வழியை அகலப்படுத்த வேண்டுமேயன்றி ஐயப்படத் தேவையில்லை.

ஆனால் ஒதுக்கீடு என்பது டேவிஸ் செய்வது. சேவியர் செய்வதை இங்கே யார் செய்கிறார்கள்? ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றின் மாணவர்களும் 7.5 விழுக்காட்டுக்கு உரியவர்களே. நம் மக்களுக்கெனத் தனியே அமைந்த பள்ளிகள் என்ற அளவில் அவை அமெரிக்கக் கருப்பினக் கல்லூரிகளை ஒத்திருக்கின்றன. ஒப்புமை அதோடு முடிந்துவிடுகிறது. கருப்பினக் கல்லூரிகளில் தலைவரை, பாடமுறையை, ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அம்மக்களிடம் வந்து சேர்ந்தது. நம் பள்ளிகளில் தனிமை மட்டுமே வந்தது, அதிகாரம் வரவில்லை. நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள், ஆய்வகம் என்ற பெயரில் பூட்டிக் கிடக்கும் அறை, ‘அந்தப் பள்ளியா?’ என்று ஊர் கேட்கும் தொனி ஆகியவையே அவற்றுக்குக் கிடைத்த ‘நற்பெயர்’.

2023-24 நிதிநிலை அறிக்கையில், பல்வேறு துறைகளின் கீழுள்ள பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவரப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது நம்மிடையே இருவேறு கருத்துகள் எழுந்தன. சேரிப் பள்ளி என்ற முத்திரை ஒழியட்டும் என்றனர் ஒரு சாரார். சிறப்புக் கூறு நிதியும், அப்பள்ளிகள் அமைந்த நிலமும், கைவிட்டுப் போகும் என்றனர் மற்றொரு சாரார். இரண்டு அச்சங்களுக்கும் காரணம் உண்டு. என் பார்வையில், இணைப்பா தனிமையா என்ற கேள்வியைவிட முந்திக் கேட்கப்பட வேண்டியது, உள்ளே நுழைந்த பிள்ளையை மருத்துவக் கல்லூரி வாசல்வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே. ஃபிளின்ட் கல்லூரி மூடப்பட்ட நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஆக்ஸ்னர் மருத்துவமனைக் குழுமத்துடன் இணைந்து தனக்கெனவே ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கும் ஒப்பந்தத்தில் 2024இல் சேவியர் கையெழுத்திட்டது. அடுத்தவர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதோடு நின்றுவிட அவர்கள் விரும்பவில்லை.

இங்கு உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 7.5 விழுக்காட்டில் இடம் பெறுவோரின் மொத்த எண்ணிக்கையை அறிவித்து வாழ்த்துவதோடு நில்லாமல், அவர்களுள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பள்ளியிலிருந்து நீட் எழுதியவர்கள் எத்தனை பேர், அங்கே அந்த ஆண்டு வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆசிரியர்கள் இருந்தார்களா என்ற மூன்று விவரங்களையும் பள்ளிவாரியாக ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். சட்டப்பேரவையில் இதைக் கேட்கும்படி நம் உறுப்பினர்களை வலியுறுத்துவோம். அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாணவர் அமைப்புகளே விண்ணப்பிக்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம்தான்.